பயணத்துக்கு ஒரு சிறிய ட்ரைபாட்: எந்தக் கலங்கலைத் தீர்க்கும், எதை வாங்கலாம், எப்படி ஊன்றுவது

"அடுத்த மாதம் மாமல்லபுரம், தஞ்சாவூர், ராமேஸ்வரம் என்று குடும்பத்தோடு ஒரு சுற்று போகிறோம். கையில் இருப்பது கிராப் சென்சார் கேமரா, கூடவே வந்த 18-55 லென்ஸ், ஒரு 55-200 ஸூம். பகலில் எடுப்பவை நன்றாக வருகின்றன. விடியலிலும் இருட்டும் நேரத்திலும் எடுப்பவை மட்டும் கலங்கலாக இருக்கின்றன. மடித்துப் பையில் போட்டுக்கொள்கிற ட்ரைபாட் வாங்கினால் தீருமா? எதை வாங்குவது?" இதுதான் கேள்வி.

பெரும்பகுதி தீரும். ஆனால் கடைக்குப் போகும் முன் பழைய கலங்கல் படங்களில் நாலைந்தைக் கணினியில் திறந்து, நூறு சதவீத அளவுக்குப் பெரிதாக்கிப் பாருங்கள். கலங்கல் என்று நாம் மொத்தமாகச் சொல்வதில் வெவ்வேறு கோளாறுகள் ஒளிந்திருக்கின்றன. படம் முழுக்க எல்லாமே ஒரே திசையில் இழுபட்டு, தெருவிளக்குப் புள்ளிகள் சின்னக் கோடுகளாக நீண்டிருந்தால் அது கை நடுக்கம். கோபுரம் மங்கலாகவும் முன்னால் இருக்கும் கம்பிவேலி தெளிவாகவும் இருந்தால் ஃபோகஸ் தவறிய படம். கட்டடம் தெளிவாக இருந்து, நடந்துபோகிறவர்கள் மட்டும் கரைந்திருந்தால் அது ஆட்கள் அசைந்ததால் வந்தது. இந்த மூன்றும் இல்லாமல், கல்லில் செதுக்கிய நுணுக்கமெல்லாம் மெழுகு பூசினாற்போல் வழுவழுவென்று ஆகி, வானத்தில் மணல் தூவியதுபோலப் புள்ளி புள்ளியாக இருந்தால் ஐஎஸ்ஓ (கேமரா வெளிச்சத்தைப் பெருக்கிக் காட்டும் அளவு) எக்கச்சக்கமாக ஏறியிருக்கிறது.

இந்த நான்கில் முதலாவதையும் கடைசியையும் ட்ரைபாட் தீர்க்கும். ஃபோகஸ் தவறுவதற்கு அது மறைமுகமாகத்தான் உதவும். ஆட்கள் அசைவதை அதனால் ஒன்றும் செய்ய முடியாது. பலர் ட்ரைபாட் வாங்கியும் ஏமாந்துபோவதற்குக் காரணம், அவர்களுடைய கோளாறு நடுவில் உள்ள இரண்டில் ஒன்றாக இருந்திருக்கும். குழந்தை ஓடுவதை இருட்டில் எடுக்கிறவருக்கு வேண்டியது எஃப் 1.8 லென்ஸ் (எஃப் எண் குறையக் குறைய லென்ஸின் துளை பெரிதாகி வெளிச்சம் அதிகம் வரும்), ட்ரைபாட் இல்லை.

கை நடுக்கத்துக்கு ஒரு பழைய கணக்கு உண்டு. லென்ஸின் குவியத் தூரம் எத்தனை மில்லிமீட்டரோ, ஷட்டர் வேகம் விநாடியில் அத்தனையில் ஒரு பங்குக்குக் குறையக் கூடாது. உங்களுடையது கிராப் சென்சார், அதாவது முழுச்சட்ட அளவை விடச் சிறியது, என்பதால் ஒன்றரை மடங்கு சேர்த்துக்கொள்ள வேண்டும். 55 மி.மீ.யில் எடுத்தால் 1/80, 200 மி.மீ.யில் எடுத்தால் 1/300. இது வெறும் கைக்கணக்குதான். 24 மெகாபிக்சல் படத்தைப் பெரிதாக்கிப் பார்க்கிறவர்கள் இன்னும் கொஞ்சம் வேகமாகவே வைத்துக்கொள்ள வேண்டும்.

இப்போது அந்தி மங்கிய பிறகு விளக்கு போட்ட ஒரு கோபுரத்தை எடுத்துக்கொள்வோம். அந்த வெளிச்சத்தில் ஐஎஸ்ஓ 100, எஃப் 8 என்று வைத்தால் ஷட்டர் ஏறக்குறைய 4 விநாடி திறந்திருக்க வேண்டும். கையில் பிடித்து 1/60-இல் எடுக்க வேண்டுமென்றால் எஃப் 4-க்கு இறங்கி, ஐஎஸ்ஓ-வை 6400-க்கு ஏற்ற வேண்டும். கேமராவை ஆட்டோவில் விட்டால் அது தானாகவே இதைத்தான் செய்யும். நடுக்கம் இருக்காது. ஆனால் நாய்ஸை, அதாவது அந்த மணல் புள்ளிகளை, மறைக்கக் கேமரா பூசுகிற பூச்சில் கல்வெட்டு எழுத்தும் சிற்பத்தின் மூக்கும் சேர்ந்து கரைந்துபோகும். ஒரே கேமரா, ஒரே லென்ஸ். இரண்டு படத்தையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் வேறு வேறு விலையுள்ள கேமராவில் எடுத்தவை என்றுதான் சொல்வீர்கள். ட்ரைபாடுக்கு நான் கொடுக்கும் மதிப்பில் பாதிக்கு மேல் இந்த ஐஎஸ்ஓ 100-க்குத்தான். அதனால் ட்ரைபாடில் ஏற்றியதும் முதலில் ஆட்டோ ஐஎஸ்ஓ-வை அணைத்து, கையால் 100 என்று வையுங்கள். அதை விட்டுவிட்டு, ஆடாமல் நிற்கும் கேமராவில் ஐஎஸ்ஓ 3200-இல் எடுத்துக்கொண்டிருப்பவர்களைக் கடற்கரையில் அடிக்கடி பார்க்கிறேன்.

லென்ஸிலேயே கை நடுக்கத்தை ஈடுகட்டும் ஸ்டெபிலைசேஷன் இருக்கிறதே, அது போதாதா என்று கேட்கலாம். நல்ல உதவிதான். உங்கள் கிட் லென்ஸில் 18 மி.மீ.யில் 1/8 வரைக்கும்கூட மூச்சைப் பிடித்து எடுத்துவிடலாம். ஆனால் 1/8-க்கும் 4 விநாடிக்கும் நடுவே ஐந்து ஸ்டாப் தூரம் இருக்கிறது (ஒரு ஸ்டாப் என்றால் வெளிச்சம் இருமடங்கு). அந்த இடைவெளியைக் கடக்க இன்னும் ட்ரைபாடைவிட மலிவான வழி இல்லை.

நம் ஊரில் அந்தி சீக்கிரம் தீர்ந்துவிடும் என்பதையும் கணக்கில் வைக்க வேண்டும். ஐரோப்பாவில் கோடையில் சூரியன் மறைந்தபின் வெகுநேரம் வெளிச்சம் தங்கும். நாம் நிலநடுக்கோட்டுக்குப் பக்கம் என்பதால் சூரியன் செங்குத்தாக இறங்குகிறது; மறைந்து 22 நிமிடம் போல ஆனதும் முதல் அந்தி முடிந்துவிடும். வானம் கருநீலமாக இருந்து, விளக்கு வெளிச்சமும் வானத்தின் வெளிச்சமும் ஒத்துப்போகிற அருமையான நேரம் அதற்குள் பத்துப் பன்னிரண்டு நிமிடம்தான். அந்தப் பத்து நிமிடத்துக்கு முன்பே இடம் பார்த்து, ட்ரைபாடை ஊன்றி, ஃபோகஸ் செய்து முடித்துக் காத்திருக்க வேண்டும். அப்போது சட்டகம் (படத்துக்குள் அடங்கும் எல்லை) மாறாமல், வெளிச்சம் மாறமாற ஒவ்வொன்றாக எடுத்துக்கொண்டே போகலாம். கையில் பிடித்து எடுக்கும்போது ஒவ்வொரு தடவையும் சட்டகம் கொஞ்சம் நகரும். ஓரத்தில் நுழைந்த மின்கம்பமும் குப்பைத்தொட்டியும் வீட்டுக்கு வந்த பிறகுதான் கண்ணில் படும்.

இனி நீங்கள் போகும் இடங்களைப் பார்ப்போம். அங்கெல்லாம் ட்ரைபாடை நினைத்த இடத்தில் ஊன்ற முடியாது.

தஞ்சைப் பெரிய கோயில் தொல்லியல் துறையின் பாதுகாப்பில் உள்ளது. கையில் பிடித்து வெளிப்பிராகாரத்தில் படம் எடுக்கலாம். ட்ரைபாடுக்கு முன்கூட்டியே அனுமதி வாங்க வேண்டும். தொல்லியல் துறையின் மற்ற நினைவுச்சின்னங்களிலும் இதே நிலைதான். காவலாளியிடம் "சின்னதுதான் சார், அஞ்சு நிமிஷம்" என்று கெஞ்சுவதில் எனக்கு உடன்பாடில்லை. அவர் வேலையை அவர் பார்க்கிறார். அனுமதி இல்லாமல் பெரிய கோயிலை இரவில் எடுக்க ஒரு வழி இருக்கிறது. 18 மி.மீ., எஃப் 3.5, ஐஎஸ்ஓ 800, 1/10 விநாடி. ஸ்டெபிலைசேஷன் போட்டிருக்கட்டும். தரையில் சம்மணமிட்டு, இரண்டு முழங்கையையும் முழங்காலில் ஊன்றி, மூச்சை மெதுவாக வெளியே விட்டபடி தொடர்ச்சியாக ஐந்தாறு படம் எடுங்கள். ஷட்டர் பட்டனை அமுக்கும்போதும் விடும்போதும்தான் கை அதிகம் ஆடும் என்பதால் நடுவில் உள்ளவை தெளிவாக இருக்கும். உட்கார்ந்து எடுப்பதில் இன்னொரு லாபமும் உண்டு. 216 அடி விமானம் அந்தத் தாழ்ந்த கோணத்தில் அதன் உண்மையான உயரத்தோடு எழுந்து நிற்கும்.

ராமேஸ்வரம் கோயிலுக்குள் இந்தப் பேச்சுக்கே இடமில்லை. தமிழகக் கோயில்களில் செல்போனுக்குத் தடை விதிக்கச் சொல்லி உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை 2022 டிசம்பரில் உத்தரவிட்டது. ராமேஸ்வரத்தில் கேமராவையும் வெளியேதான் வைத்துவிட்டுப் போக வேண்டும். தூண்களின் வரிசையைக் கண்ணால் பார்த்துவிட்டு வாருங்கள். அதிகாலையில் அக்னி தீர்த்தக் கரையில் ட்ரைபாட் வைக்கலாம். ஆனால் நீராட வருகிறவர்களின் பாதையில் கால் நீட்டி வைக்காதீர்கள். ஈரத்துணியோடு வரும் வயதானவர் இருட்டில் கம்பியில் தடுக்கி விழுந்தால், எந்தப் படமும் அதற்கு ஈடில்லை. முகம் தெரிகிற தூரத்தில் குளிப்பவர்களைக் கேட்காமல் எடுப்பதும் கூடாது.

ட்ரைபாட் தன் வேலையை முழுதாகக் காட்டப்போகிற இடங்கள் மாமல்லபுரக் கடற்கரை, பாம்பன், தனுஷ்கோடி. கடற்கரைக் கோயில் வளாகத்துக்குள் விதி பழையதுதான். ஆனால் வேலிக்கு வெளியே உள்ள மணல்வெளியிலிருந்து, விடியும் வானத்தின் முன்னால் கோயிலின் இரண்டு விமானங்களும் நிழலுருவாகத் தெரியும். அங்கே 55-200 ஸூமை ட்ரைபாடில் ஏற்றினால் நல்ல படம் கிடைக்கும். தனுஷ்கோடியில் மாலையில் சாவடியை மூடி வண்டிகளைத் திருப்பி அனுப்பிவிடுவார்கள். நேரத்தை முதல்நாளே அங்கே விசாரித்துக்கொண்டு விடியலில் போவது நல்லது. 1964 டிசம்பர் புயலில் சிதைந்த தேவாலயத்தின் சுவர்கள் காலை வெயில் சாய்வாக விழும்போதுதான் தம் சொரசொரப்பைக் காட்டும்.

இனி வாங்குவது. ரூ. 1,500-க்குள் கிடைக்கும், பிளாஸ்டிக் தலையும் நடுவில் தாங்கு கம்பிகளும் வைத்த உயரமான ட்ரைபாடை வாங்க வேண்டாம். வீட்டுக்குள் வீடியோ அழைப்புக்கு அது போதும். கடற்காற்றில் 200 மி.மீ. லென்ஸைத் தாங்கி அசையாமல் நிற்காது. அட்டைப்பெட்டியில் "8 கிலோ தாங்கும்" என்று எழுதியிருப்பதையும் பெரிதாக எடுத்துக்கொள்ளாதீர்கள். அந்த எண்ணை அளப்பதற்கு எல்லாத் தயாரிப்பாளர்களும் ஒத்துக்கொண்ட பொது முறை எதுவும் கிடையாது. உடைந்து விழாமல் தாங்குவது வேறு, ஆடாமல் தாங்குவது வேறு.

ஆடாமல் நிற்பது பெரும்பாலும் குழாயின் விட்டத்தைப் பொறுத்தது. சுவரின் தடிமன் அதேதான் என்று வைத்துக்கொண்டால், விட்டம் பாதியாகும்போது விறைப்பு ஏறக்குறைய எட்டில் ஒரு பங்காகிவிடும். பயண ட்ரைபாட் சின்னதாக மடிய வேண்டும் என்பதற்காகக் காலை நான்கு, ஐந்து துண்டுகளாகப் பிரிக்கிறார்கள். ஒவ்வொரு துண்டும் முந்தையதற்குள் நுழைய வேண்டும் என்பதால் கடைசித் துண்டு மிக மெலிந்துபோகிறது. ஐந்து துண்டுக் கால்களை விட நான்கு துண்டுக் கால்களை நான் விரும்புவது இதனால்தான். கடைசிக் குழாய் உங்கள் சுண்டுவிரலை விட மெல்லியதாக இருந்தால் அதை வைத்துவிட்டு அடுத்ததைப் பாருங்கள்.

உயரத்தைப் பற்றிய ஆசையைக் கொஞ்சம் குறைத்துக்கொள்ளலாம். நின்றபடி கண்ணுக்கு நேரே வர வேண்டும் என்றுதான் எல்லோரும் கேட்கிறார்கள். நடுத்தண்டை உயர்த்தாமல் 125, 130 செ.மீ. வந்தால் பயணத்துக்குப் போதும். குனிந்து திரையைப் பார்த்துக்கொள்ளலாம். நல்ல நிலக்காட்சிப் படங்களில் பெரும்பாலானவை இடுப்பு உயரத்துக்குக் கீழேயிருந்துதான் எடுக்கப்படுகின்றன. நடுத்தண்டு என்பது மூன்று காலின் மேல் ஒற்றைக்காலை நட்டு வைப்பது. அதை அவசரத்துக்குத்தான் உயர்த்த வேண்டும்.

மடிப்பளவு 40 செ.மீ. சுற்றி இருக்கட்டும். கால்கள் மேல்நோக்கித் திரும்பித் தலையைச் சுற்றி மடிகிற வகையைக் கேளுங்கள். அதே உயரத்துக்குக் குட்டையாக மடிவது அதுதான். எடை ஒன்றேகால் முதல் ஒன்றரை கிலோவுக்குள். ஒரு கிலோவுக்கும் கீழே போனால் காற்று தூக்கிவிடும். இரண்டு கிலோவைத் தாண்டினால் மூன்றாம் நாள் அது விடுதி அறையிலேயே தங்கிவிடும். உள்நாட்டு விமானத்தில் கைப்பைக்கு வழக்கமாக 7 கிலோதான் என்பதையும் நினைவில் கொள்ளுங்கள். பாதுகாப்புச் சோதனையில் சிலசமயம் ட்ரைபாடைத் திருப்பிவிடுகிறார்கள் என்பதால் நான் அதை எப்போதும் செக்-இன் பெட்டியில், துணிகளுக்கு நடுவே வைத்துவிடுவேன். ரயிலிலும் பேருந்திலும் இந்தக் கவலை கிடையாது.

அலுமினியமா, கார்பன் ஃபைபரா என்ற கேள்விக்கு என் பதில் பணத்தைப் பொறுத்தது. ஒரே அளவில் கார்பன் கால் கிலோ போல எடை குறையும், அதிர்வு சீக்கிரம் அடங்கும். விலை பெரும்பாலும் ஒன்றரை மடங்குக்கும் மேல். மலையேறுகிறவருக்கு அது தகும். நீங்கள் காரிலோ ரயிலிலோ போய் இறங்குகிறவர் என்றால் அலுமினியத்தை எடுத்துக்கொண்டு, மிச்சப் பணத்தை நல்ல பால் ஹெட்டுக்கு (கேமராவை எல்லாப் பக்கமும் திருப்பிப் பூட்டும் உருண்டைத் தலை) கொடுங்கள். மேன்ஃப்ரோட்டோவின் பீஃப்ரீ, பென்ரோ, சிருய் இவற்றில் ஒன்றரை கிலோவை ஒட்டிய அலுமினிய வகைகள் இங்கே கிடைக்கின்றன. இவற்றில் எதுவும் பயணத்துக்கு ஏற்றதுதான். தலையில் ஆர்க்கா-ஸ்விஸ் வகைப் பிளேட் (கேமராவின் அடியில் திருகித் தலையில் பூட்டும் தகடு) இருக்கிறதா என்று மட்டும் உறுதி செய்துகொள்ளுங்கள். 38 மி.மீ. அகலமுள்ள அந்தப் பிளேட்டுக்குப் பல தயாரிப்பாளர்களின் தலைகளும் பொருந்தும்; தொலைந்தால் உடனே இன்னொன்று வாங்கலாம்.

முடிந்தால் கடைக்குக் கேமராவோடு போங்கள். ட்ரைபாடை முழுக்க விரித்து, ஸூமை 200-இல் வைத்து, திரையில் லைவ் வியூவைப் பத்து மடங்கு பெரிதாக்கி, லென்ஸின் நுனியை விரலால் ஒரு தட்டுத் தட்டுங்கள். திரையில் படம் ஆடி அடங்க எவ்வளவு நேரமாகிறது என்று பாருங்கள். ஒன்றிரண்டு விநாடியில் அடங்கினால் நல்ல சரக்கு. ஐந்து விநாடிக்கும் அசைந்துகொண்டே இருந்தால், பெயர் எவ்வளவு பெரிதாக இருந்தாலும் வேண்டாம். பிறகு பால் ஹெட்டை இறுக்கிவிட்டுக் கையை எடுங்கள். சட்டகம் கீழே தொங்குகிறதா? இம்மியளவு தொங்குவது சகஜம்; கண்ணுக்குப் பளிச்சென்று தெரிந்தால் அந்தத் தலை ஸூம் லென்ஸுக்கு லாயக்கில்லை.

வளையும் காலுள்ள குட்டி ட்ரைபாடும் மேசை ட்ரைபாடும் பற்றிக் கேட்பீர்கள். கிட் லென்ஸோடு ஒரு சுவரின் மேலோ படகுத்துறைக் கம்பியிலோ வைக்க அவை அருமை. 55-200 மாட்டினால் முன்பக்கம் கவிழும். செல்போனுக்கு மட்டும் என்றால் குட்டி ட்ரைபாடும் ஒரு பிடியுமே போதும், பெரியது வாங்க வேண்டாம். ஐபோன் அசையாமல் இருப்பதைத் தானே உணர்ந்து, நைட் மோடில் 30 விநாடி வரை வெளிச்சம் சேர்க்க இடம் கொடுக்கிறது. கையில் பிடித்திருந்தால் அந்த நேரம் கிடைக்காது.

வாங்கியாயிற்று. ஊன்றும் முறைதான் இனி எல்லாம்.

காலை நீட்டும்போது மேலே உள்ள தடித்த துண்டிலிருந்து ஆரம்பியுங்கள், மெலிந்த துண்டு கடைசி. மணலிலும் தண்ணீரிலும் மட்டும் ஒரு விதிவிலக்கு: கடைசித் துண்டை ஒரு சாண் வெளியே இழுத்துவிட்டு ஊன்றினால் பூட்டு மணலுக்குள் புதையாது. ஒரு கால் லென்ஸ் பார்க்கும் திசையில் இருக்கட்டும். முன்பாரத்தை அது தாங்கும், மற்ற இரண்டுக்கும் நடுவே நீங்கள் நிற்க இடமும் கிடைக்கும். கேமராவின் கழுத்துவாரைக் கழற்றிவிடுங்கள் அல்லது சுருட்டிக் கட்டுங்கள். காற்றில் அது படபடத்து அடித்தால் அந்த அதிர்வு முழுதும் படத்தில் இறங்கும்.

காற்று அதிகமான இடத்தில் நடுத்தண்டின் கொக்கியில் பையைத் தொங்கவிடச் சொல்வார்கள். நல்ல யோசனைதான். ஆனால் பை ஊசலாடினால் பலன் தலைகீழாகிவிடும். பையின் அடி தரையைத் தொடுகிற அளவுக்குத் தாழ்த்தித் தொங்கவிடுங்கள். பாம்பனில் இது கட்டாயம். காற்று ஓர் அளவைத் தாண்டினால் ரயிலையே நிறுத்திவிடுகிற இடம் அது. 2025 ஏப்ரலில் திறந்த புதிய ரயில் பாலத்தையும் அதன் தூக்குப் பகுதியையும் சாலைப் பாலத்தின் நடைமேடையிலிருந்துதான் பலரும் எடுக்கிறார்கள். அந்தச் சாலைப் பாலம் பேருந்து போகும்போது அதிர்வதைக் காலில் உணரலாம். அதிர்வை ட்ரைபாட் தடுக்காது, அப்படியே கேமராவுக்குக் கடத்தும். வண்டி போய், அதிர்வு அடங்கி, அடுத்த வண்டி வருவதற்கு முன் எடுக்க வேண்டும். கூட்டமான நேரத்தில் நீண்ட எக்ஸ்போஷர் ஒன்றை விட, ஒரு விநாடிக்குக் குறைவான படங்களை நிறைய எடுத்துப் பொறுக்குவதே நடக்கிற காரியம். போலீசார் நகரச் சொன்னால் உடனே நகர்ந்துவிடுங்கள். பாலத்தில் வண்டியை நிறுத்திவைக்கவும் கூடாது.

ஷட்டரை விரலால் அமுக்காதீர்கள். இரண்டு விநாடி டைமர் எல்லாக் கேமராவிலும் உண்டு, ரிமோட் வாங்கத் தேவையில்லை. பால் ஹெட் மெலிந்ததாக இருந்தால் ஐந்து அல்லது பத்து விநாடி வையுங்கள். உங்களுடையது டிஎஸ்எல்ஆர் என்றால் உள்ளே கண்ணாடி எழும்பி அடிப்பதே ஒரு குலுக்கல். 1/15 முதல் 1 விநாடி வரையிலான வேகங்களில் இது நன்றாகத் தெரியும். லைவ் வியூவில் எடுத்தாலோ, கண்ணாடியை முன்பே உயர்த்தி வைக்கும் மிரர் லாக்-அப் போட்டாலோ அது ஒழியும். கண்ணாடியே இல்லாத மிரர்லெஸ்ஸில், ஷட்டரின் முதல் திரை அசையாமல் மின்னணு முறையில் படத்தைத் தொடங்கும் எலக்ட்ரானிக் ஃபர்ஸ்ட் கர்ட்டன் என்ற அமைப்பைப் போட்டுவிடுங்கள்.

ஸ்டெபிலைசேஷனை அணைக்க வேண்டுமா என்பதில் ஆளுக்கொன்று சொல்வார்கள். பழைய லென்ஸ்களில் அணைத்தே ஆக வேண்டும். இல்லாத நடுக்கத்தைத் தேடி அதுவே படத்தை அசைத்துவிடும். புதியவை ட்ரைபாடை உணர்ந்து தாமாக அடங்கிக்கொள்கின்றன. உங்களுடையது எந்த வகை என்று தெரியாத வரை அணைப்பதே நல்லது. கையில் எடுக்கத் திரும்பும்போது மறக்காமல் போட்டுவிடுங்கள்.

அப்பர்ச்சர் எஃப் 8, தேவைப்பட்டால் எஃப் 11. அதற்கு மேல் வேண்டாம். ட்ரைபாட் இருக்கிறதே, நேரம் எவ்வளவு ஆனால் என்ன என்று எஃப் 22-க்குப் போகிறவர்கள் உண்டு. சிறிய துளை வழியே போகும் ஒளி பரவும். எஃப் 8-இல் ஓர் ஒளிப்புள்ளி சென்சாரில் 11 மைக்ரான் அகல வட்டமாக விழுகிறது என்றால், எஃப் 22-இல் அது 30 மைக்ரான். உங்கள் சென்சாரில் ஒரு பிக்சலின் அகலம் 4 மைக்ரான்தான். ஆடாத கேமராவில் எடுத்தும் படம் மங்கலாக இருக்கிறது என்று சொல்பவர்களிடம் நான் முதலில் கேட்பது எந்த எஃப் எண் என்றுதான்.

ஃபோகஸுக்கு, லைவ் வியூவைப் பெரிதாக்கி, விளக்கின் ஓரமோ கோபுரத்தின் விளிம்போ கத்திபோலத் தெரியும்வரை வளையத்தைத் திருப்பி, மேனுவலிலேயே விட்டுவிடுங்கள். இருட்டில் ஆட்டோ ஃபோகஸை நம்பினால் ஒவ்வொரு படத்துக்கும் அது முன்னும் பின்னும் தேடித் திணறும். ட்ரைபாட் இருப்பதால்தான் இந்த நிதானம் வாய்க்கிறது. ஸூமைத் திருப்பினால் ஃபோகஸை மறுபடி சரிபார்க்க வேண்டும்.

அலையில் எடுப்பதற்குத் தனியாகக் கொஞ்சம் சொல்ல வேண்டும். ஒவ்வோர் அலையும் திரும்பும்போது காலுக்கடியில் உள்ள மணலை அரித்துக்கொண்டு போகும். ட்ரைபாட் படம் எடுத்துக்கொண்டிருக்கும்போதே இறங்கும். அதனால் ஊன்றியதும் எடுக்காதீர்கள். மூன்று காலையும் அமுக்கி அமுக்கிக் கெட்டியான மணல்வரை இறக்கி, இரண்டு மூன்று அலைகளை விட்டுவிட்டு, பிறகு சட்டகத்தைச் சரிசெய்யுங்கள். அலை அடித்துத் திரும்பும் கணத்தில் அரை விநாடி முதல் ஒரு விநாடிவரை வைத்தால் நுரை கோடு கோடாக இழுபட்டு வரும். முப்பது விநாடி வைத்தால் கடல் பால்போல் ஆகிவிடுகிறது. அது எனக்குப் பிடிப்பதில்லை, கடலுக்குரிய வேகமே அதில் தெரியாது. அதோடு, முப்பது விநாடிக்குள் மணல் இறங்காமல் இருக்காது. கண்ணை எப்போதும் கடலில் வைத்திருங்கள். பெரிய அலை வந்தால் ட்ரைபாடோடு தூக்கிக்கொண்டு பின்னால் வர ஒரு கை தயாராக இருக்கட்டும்.

கடலோரத்தில் ட்ரைபாடின் மேல் பழி விழுகிற மூன்று கலங்கல்கள் இருக்கின்றன. ஏசி அறையிலிருந்து கேமராவை நேரே விடியற்காலைப் புழுக்கத்துக்கு எடுத்து வந்தால் லென்ஸில் பனி படியும். துடைத்தாலும் மறுபடி வரும். முதல்நாள் இரவே கேமராப் பையை ஏசி இல்லாத இடத்தில் வைத்துவிடுங்கள், அல்லது மூடிய பையோடு அரைமணி நேரம் முன்பே வெளியே கொண்டுவாருங்கள். அடுத்தது உப்புத்திவலை. கால்மணி நேரத்தில் லென்ஸின் முன் கண்ணாடியில் மெல்லிய படலம் ஏறி, விளக்குகளைச் சுற்றி ஒளிவட்டம் தெரியும். நல்ல துடைதுணி சட்டைப்பையில் இருக்க வேண்டும். மூன்றாவது கானல். வெயில் ஏறிய பிறகு மணல்வெளிக்கு அப்பால் உள்ளதை 200 மி.மீ.யில் எடுத்தால் காற்றே நெளிந்து படத்தைக் குழப்பும். கல்தூணில் கட்டிவைத்து எடுத்தாலும் அது போகாது. காலை எட்டு மணிக்குள் எடுத்துவிடுங்கள்.

பயணத்துக்கு முந்தைய வாரம் ஒரு சாயங்காலம் மொட்டை மாடியில் ட்ரைபாடை விரித்து, பக்கத்து வீட்டுத் தண்ணீர்த் தொட்டியையும் தெருவிளக்கையும் எடுத்துப் பழகுங்கள். ஒருமுறை ஐஎஸ்ஓ 100-இல் ட்ரைபாடோடு, ஒருமுறை கையில் பிடித்து ஆட்டோவில். டைமர் எந்த மெனுவில், ஸ்டெபிலைசேஷன் பொத்தான் எந்தப் பக்கம் என்று விரலுக்குப் பழகிவிட வேண்டும். இருட்டில் மணலில் நின்று தேடிக்கொண்டிருந்தால் அந்தப் பத்து நிமிட வெளிச்சம் போயே போய்விடும்.

கடற்கரையிலிருந்து அறைக்கு வந்ததும், அன்றைக்கே, நல்ல தண்ணீரில் கால்களைக் கழுவுங்கள். திருகுப் பூட்டாக இருந்தால் கடைசித் துண்டைக் கழற்றி, உள்ளே உள்ள பிளாஸ்டிக் பட்டைகளில் ஒட்டிய மணலைப் பழைய பல்துலக்கும் பிரஷால் தட்டிவிட்டு, துணியால் துடைத்து, காலை நீட்டிய நிலையிலேயே இரவு முழுக்கக் காயவிடுங்கள். எந்தப் பட்டை எந்தப் பக்கம் இருந்தது என்று கழற்றும்போதே செல்போனில் ஒரு படம் எடுத்துக்கொண்டால் திரும்பப் பொருத்துவது சுலபம். பால் ஹெட்டைத் தண்ணீரில் முக்காதீர்கள். ஈரத்துணியால் துடைத்தால் போதும். தேங்காய் எண்ணெய் போடுவதும் வேண்டாம், அது மணலை இழுத்து ஒட்டவைக்கும்.